விதைக்கும் முன்னரே விதையை அணியமாக்குவோம்!

(கம்மாபுரத்தில் உழவர்களும் தமிழன்பர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேசுகின்றவனுக்கு உழவர் அவையில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். விதை ஊறவைக்கும் தொட்டிக்கும் தூயதமிழுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கவும் கூடும். தொடர்பு உண்டு, அதனை இவ்வுரையின் நடுவே காட்டுவேன். வயிற்றுக்குரிய செய்தி முதலில் வரட்டும்.

வானத்தை நம்பி உழும் நிலத்தை நாம் மானாவாரி என்கின்றோம். வானவாரி, அஃதாவது வானின் வருவாய், என்பதே அவ்வாறு திரிந்தது என்பர். அந்த வருவாய் எப்படி வருகின்றது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனியிலோ ஆடியிலோ ஒரு மழை பெய்கின்றது. உழுது வைத்த செம்மண் நனைகின்றது. அடுத்த மழை வந்துவிடும் என்னும் துணிவில் நிலக்கடலையை ஊன்றுகின்றோம். அல்லது ஆவணி, புரட்டாசியில் புழுதியிலேயே நெல்லைத் தெளித்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கின்றோம். அடுத்த மழை ஆறேழு நாளில் வந்தால் பிழைத்தோம். இருபது நாள் கழித்து வந்தால்?

அந்த இருபது நாளில் மண்ணுக்குள் நடப்பதுதான் இன்றைய உரையின் பொருள். விதை நனைந்து பருக்கின்றது. சில விதைகள் முளை நீட்டுகின்றன. சில நீட்டுவதற்குள் மேல்மண் காய்ந்து போகின்றது. முளை நீட்டிய விதை மீண்டும் விதையாக முடியாது. அது மண்ணுக்குள்ளேயே கருகுகின்றது. முன்னே முளைத்தது ஒரு பக்கம், பின்னே முளைத்தது ஒரு பக்கம், முளையாத திட்டு ஒரு பக்கம் என்று வயல் சொரி பிடித்த தோல்போல் ஆகின்றது. ஓர் ஏக்கருக்கு நிலக்கடலைப் பருப்பு ஏறத்தாழ 50 கிலோ வேண்டும். விதைப்பருப்பின் விலையை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அது பொய்த்தபின் மீண்டும் விதைப்பதற்குக் கடனுக்கு எங்கே போவது? போனாலும் பருவம் காத்திருக்குமா?

2016-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரி 10-ஆம் நாள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவை என அரசு அறிவித்தது. மழையில் பெரும்பங்கினை ஐப்பசி, கார்த்திகையில் பெறுகின்ற நம் கடலூர் மாவட்டத்துக்கு அது எத்தகைய அடி என்பதை நீங்களே நன்கறிவீர்கள்.

கிணறு இருந்தால் ஓர் உயிர்நீர் கொடுத்துக் காப்பாற்றலாமே என்பார்கள். நம் நிலையோ வேறு. 1930-களில் சம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் நெய்வேலியில் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபொழுது, நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. நீரைத் தேடிய இடத்தில் கரி கிடைத்தது. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் அங்கே கரி வெட்ட இயலும். எங்கள் கிணறுகள் வற்றுகின்றன என்று சுற்றூர் மக்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். 2023 சூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள்ளேயே கால்வாய் தோண்டும் எந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. அந்த வழக்கை இங்கே விரிப்பதற்கில்லை. அதற்கு வேறு மேடை உண்டு. இறைக்க நீரில்லாத உழவன், இருக்கும் ஒரு மழையை எவ்வாறு முழுமையாகப் பயன்கொள்வது என்பதே இப்பொழுது நம் கேள்வி.

அதற்கு விதை எப்படி நீர் குடிக்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டும்.

விதை மூன்று படிகளில் முளைக்கின்றது. முதற்படியில் அது நீரை வேகமாக உறிஞ்சுகின்றது. இதில் வியப்பொன்றுமில்லை, செத்த விதைகூட இவ்வாறு உறிஞ்சும். காய்ந்த கட்டை நீரில் ஊறுவது போன்றதே அது. ஆகவே, விதை பருத்துவிட்டது என்பதைக் கொண்டு அது உயிரோடிருக்கின்றது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் படியில் நீர் உறிஞ்சுவது ஏறத்தாழ நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் நடவாதது போலிருக்கும். ஆனால் உள்ளே பெரும் பணி நடக்கின்றது. கிடங்கிலே கிடந்த நாளில் உயிரணுக்களின் படலங்களில் விழுந்த பழுதுகள் சரிசெய்யப்படுகின்றன. மரபிழைகளில் நேர்ந்த அறுதல்கள் ஒட்டப்படுகின்றன. சேமித்து வைத்த மாவினைக் கரைத்து முளைக்கு ஊட்டும் நொதிகள் விழித்தெழுகின்றன. திருமணத்துக்கு முந்திய இரவில் வீட்டின் பின்கட்டில் நடக்கும் வேலையைப் போன்றது இது. தெருவில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளேயோ அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் படியில் வேர் தோலைக் கிழித்து வெளியே வருகின்றது. இந்த எல்லையைக் கடந்த விதைக்குத் திரும்பும் வழி கிடையாது. காய்ந்தால் சாவுதான். ஆனால் இரண்டாம் படி முடியும்வரை விதை திரும்ப வல்லது. அந்த நிலையில் அதை எடுத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்திவிட்டால் அது சாவதில்லை, மீண்டும் உறங்குகின்றது. எனினும் உள்ளே நடந்து முடிந்த பணியில் பெரும்பகுதி அழியாமல் அப்படியே இருக்கின்றது. மறுபடி நீர் கிடைத்தவுடன் அது முதலிலிருந்து தொடங்குவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றது. உலர்த்தாத விதை மூன்று நாளில் செய்வதை இது முன்னதாகவே செய்துவிடுகின்றது. இவ்வளவுதான் இதன் மறை. இதில் மாயம் ஒன்றுமில்லை.

சில நாள் முந்துவதால் என்ன பெருந்தகைமை என்று கேட்காதீர்கள். மழை நின்ற மறுநாளே வேருக்கும் வெயிலுக்கும் இடையே ஓர் ஓட்டம் தொடங்கிவிடுகின்றது. வெயில் மேலிருந்து கீழாக மண்ணை உலர்த்திக்கொண்டே இறங்குகின்றது. வேர் அதற்கு முன்னே ஓடி, ஈரம் நிற்கும் ஆழத்தை எட்டியாக வேண்டும். ஒரு நாள் முந்தினால் பிழைப்பு; ஒரு நாள் பிந்தினால் கருகல். அதுவுமன்றி, நம் செம்மண்ணில் மழைக்குப்பின் மேலே பொருக்குத் தட்டும். பொருக்கு இறுகுவதற்குள் முளை வெளியே வந்தாக வேண்டும். எல்லா முளையும் ஒருசேர வந்துவிட்டால் களையெடுப்பும் எளிது, அறுவடையும் எளிது.

இவ்வறிவு நேற்று முளைத்ததன்று. கிரேக்க நாட்டின் தியோபிராசுடசு, கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே, வெள்ளரி விதையை நீரிலோ பாலிலோ ஊறவைத்தால் விரைந்து முளைக்கும் என்று எழுதி வைத்தார். கௌடலியரின் பொருள்நூலில் விதைத் தவசங்களை இரவில் பனியிலும் பகலில் வெயிலிலும் மாறி மாறி வைக்கச் சொல்லும் பகுதி உண்டு. பருத்தி விதையைச் சாணியில் புரட்டும் முறையும் அங்கே உண்டு. வடவர் நூலில் இருப்பதாலேயே அது வடவர்க்கு உரியதாகிவிடாது. பருத்தி விதையைச் சாணிப்பாலில் புரட்டி உலர்த்தி விதைக்கும் வழக்கம் நம் ஊர்களில் எழுத்தறியாப் பாட்டிமாரிடமும் இருந்தது. எழுதி வைத்தவனுக்கே அறிவு சொந்தம் என்பது ஏட்டை மட்டும் நம்புவோர் கணக்கு.

திருவள்ளுவப் பெருந்தகையும் உழவு அதிகாரத்தில் ஒரு கணக்குச் சொல்கின்றார். ஒரு பலப் புழுதி காற்பலமாகும்வரை மண்ணை உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்பது அக்குறளின் கருத்து. உணக்குதல் என்றால் காயவைத்தல். அங்கே அவர் சொல்வது மண்ணை. நாம் இங்கே பேசுவது விதையை. ஆயினும் எடையைக் கொண்டு உலர்வை அளக்கும் அந்த நுட்பத்தை மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது நமக்கு வேண்டும்.

இக்காலத்தே உருசிய நாட்டுப் பயிருடலியல் அறிஞர் கெங்கெல் என்பார் விதைப்புக்கு முன் ஊறவைத்து உலர்த்துவதை வறட்சிக்கான முறையாகவே வகுத்து ஆராய்ந்தார். அவ்வாறு செய்தால் பயிர் தன் வாழ்நாள் முழுவதும் வறட்சியைத் தாங்கும் இயல்பினைப் பெறும் என்பது அவர் கொள்கை. பின்வந்தோர் எல்லாரும் அதனை அவ்வளவில் ஏற்றுக் கொள்ளவில்லை. ஆனால் முளைப்பு விரைவதையும் சீராவதையும் பலரும் கண்டனர். 1973-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஐடெக்கர் என்பார், விதை முழுவதும் முளைத்துவிடாதபடி நீரை அளந்து கொடுக்கும் கரைசல் முறையை வெளியிட்டார். 1990-களில் வேல்சு நாட்டுப் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேவ் ஆரிசும் அவர்தம் துணைவரும் இராசத்தான், குசராத்து, மத்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் ஏழை உழவர்களோடு சேர்ந்து இதனை மக்காச்சோளம், மேட்டு நெல், கொண்டைக்கடலை ஆகியவற்றில் செய்து பார்த்து, 1999-இல் எழுதினர். இரவு முழுவதும் வெறும் நீரில் ஊறவைத்து, மேல் ஈரத்தை உலர்த்தி, காலையில் விதைப்பது. அவ்வளவே அவர்கள் முறை. உப்புமில்லை, பொட்டலமுமில்லை. அவர்கள் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று. ஆய்வைத் தம் தோட்டத்தில் செய்து முடிவை உழவன்மேல் எறியவில்லை. உழவனையே அவன் வயலில் அளக்கச் செய்தனர். வேல்சு நாடும், ஆங்கிலத்தின் மடியிலேயே கிடந்தும் தன் மொழியை விட்டுக் கொடாத நாடு என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்க.

இனி, நான் வாக்களித்த மொழிச் செய்திக்கு வருகின்றேன்.

இம்முறைக்கு நம் வேளாண் ஏடுகளில் வழங்கும் பெயர் ‘விதையைக் கடினப்படுத்துதல்’ என்பது. ஆங்கிலத்தில் ‘ஆர்டனிங்’ என்றிருப்பதை அப்படியே வடசொற் போர்வையில் பெயர்த்துவிட்டனர். கடினம் என்பது வடசொல். அதனால் மட்டும் நான் அதனை எதிர்க்கவில்லை. அப்பெயர் பொய் சொல்கின்றது, அதனாலேயே எதிர்க்கின்றேன். இம்முறையில் விதை கடினமாவதே இல்லை! பயறு வகைகளில் நீரே புகாதபடி தோல் இறுகிப்போன விதையைத்தான் அதே வேளாண் நூல்கள் ‘கடின விதை’ என்கின்றன. கடின விதை என்றால் முளையாத விதை. விதையைக் கடினப்படுத்து என்றால் முளைக்கச் செய் என்று பொருளாம்! இதனைப் படிக்கும் உழவன் என்ன செய்வான்? விதையைக் கல்லாக்கச் சொல்கின்றார்களோ என்று ஏட்டை மூடி வைத்துவிடுவான். குற்றம் அவனுடையதா?

ஐடெக்கர் முறைக்கு ஆங்கிலத்தில் ‘பிரைமிங்’ என்று பெயர். அடிகுழாயில் நீர் ஏறாதபொழுது மேலே ஒரு குவளை நீர் ஊற்றி அதை இறைப்புக்கு அணியமாக்குகின்றோமே, அதற்கு அவர்கள் வழங்கும் சொல்லே அது. ஆங்கிலேயன் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து சொல்லை எடுக்கின்றான். நாமோ நம் கொல்லையில் நல்ல சொல் இருக்க, இருவீடு தாண்டி இரவல் வாங்குகின்றோம்.

நான் சொல்லும் பெயர் எளியது: ‘ஊறவைத்து உணக்கல்’. ‘உரமேற்றல்’ என்று சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உரம் என்பது வலிமை என்னும் பொருளுடைய நற்றமிழ்ச் சொல்தான். ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் மூட்டையும் உப்பும் நினைவுக்கு வருகின்றன. ஊறவைத்து உணக்கல் என்னும்பொழுதோ பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகின்றது. ஊறவை என்கின்றது, பிறகு மறவாமல் உணக்கு என்கின்றது. உணக்கு என்னும் சொல் சிற்றூரில் இன்று அருகிவிட்டது என்றால் ‘ஊறவைத்து உலர்த்தல்’ என்றே சொல்லுங்கள். எனக்கு மறுப்பில்லை.

இப்பெயரின் இரண்டாம் பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகின்றனர். ஊறவைத்த விதையை ஈரத்தோடே காய்ந்த புழுதியில் விதைத்தால், நீங்கள் அதைப் பாதி வழியில் கொண்டுபோய் விட்டுவந்தவர்கள் ஆவீர்கள். ஈரமுள்ள மண்ணானால் இரவில் ஊறவைத்துக் காலையில் மேலீரம் உலர்த்தி விதைப்பது நன்று. காய்ந்த மண்ணில், மழையை எதிர்நோக்கி விதைப்பதானால், பழைய எடை வரும்வரை முழுமையாக உணக்கியே விதைக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

பழைய எடையை எப்படி அறிவது? இங்கேதான் வள்ளுவர் கணக்கு உதவுகின்றது. ஊறவைக்கும் முன் விதையை நிறுத்து எழுதி வையுங்கள். 10 கிலோ என்றால், ஊறியபின் அது 12, 13 கிலோவாகக் கூடும். நிழலில் மெல்லிதாகப் பரப்பி, அவ்வப்பொழுது கிளறி, மீண்டும் 10 கிலோ வரும்வரை உலர்த்துங்கள். ஈரம் அளக்கும் கருவி எதுவும் வேண்டா. ஊரில் ஒரு தராசு போதும். நிழல் என்று சொன்னால் நிழலேதான். விரைவாகட்டும் என்று தார்ச்சாலையில் கொட்டிவிடாதீர்கள். ஈர விதைக்குச் சுடுவெயில் ஆகாது.

உப்புக் கரைசல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1971-இல் பல்கலைக்கழகமாக மலர்ந்த நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிருக்கேற்ற கரைசல்களைப் பரிந்துரைத்துள்ளது. நேரடியாக விதைக்கும் நெல்லுக்கு 1 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு. இதனைச் சாம்பரக் குளோரைடு எனலாம். கடையில் பொட்டாசு என்றால் தெரியும். ஓர் இலிட்டர் நீருக்கு 10 கிராம் கரைத்து, விதைக்குச் சமமான அளவு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். நெல்லை அதற்குமுன் உப்பு நீரில் தேர்ந்தெடுங்கள்: கோழிமுட்டை மிதக்கும் அளவுக்குச் சமையலுப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டி, மிதப்பதை அரித்தெறிந்துவிட்டு, மூழ்கியதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசி எடுப்பது. பதரை ஊறவைத்து என்ன பயன்?

மானாவாரிச் சோளத்துக்கு 2 விழுக்காடு பொட்டாசியம் டை ஐதரசன் பாசுபேட்டுக் கரைசலில் 6 மணி நேரம். உளுந்து, பாசிப்பயறு போன்றவற்றை மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் நீரில் விடாதீர்கள். அவற்றின் பருப்பு நீரை மிக வேகமாக உறிஞ்சும்; அளவு மீறினால் பருப்பு பிளந்து உள்ளிருக்கும் கரு நைந்துபோகும்.

நம் பகுதிக்கு உயிரான நிலக்கடலைக்கு வருவோம். திருமுதுகுன்றத்தில், அதுதான் இன்று விருத்தாசலம் என வழங்கும் ஊர், அதே பல்கலைக்கழகத்தின் மண்டல ஆய்வு நிலையம் இருக்கின்றது. அங்கே உருவான கடலை வகைகளை வி.ஆர்.ஐ. என்று வழங்குகின்றோம், விருத்தாசலத்தின் ஆங்கில எழுத்துகள் அவை. கடலை நம்முடையது, மண் நம்முடையது, பெயர் மட்டும் யாருடையதோ! இருக்கட்டும். நிலக்கடலைக்குப் பரிந்துரைக்கப்படுவது கால்சியம் குளோரைடு, அஃதாவது சுண்ணக் குளோரைடு. அரை விழுக்காடு, ஓர் இலிட்டருக்கு 5 கிராம், 6 மணி நேரம். காய்க்கும்பொழுதும் கடலை சுண்ணச் சத்தை விரும்பும் பயிரென்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் கடலையில் ஒரு கண்டிப்பு வேண்டும். அதன் செந்தோல் மெல்லியது. ஊறிய கடலையைக் கூடையில் போட்டு அள்ளினாலே தோல் உரியும். தோல் உரிந்த பருப்பை மண்ணிலுள்ள பூசணம் சும்மா விடாது. ஆகவே ஆழமான தொட்டியில் கொட்டாமல், அகன்ற ஏனத்தில் மெல்லிதாகப் பரப்பி நனையுங்கள். கையால் பிசையாதீர்கள். முதன்முறை செய்வோர் கடலையில் தொடங்காமல் நெல்லிலோ சோளத்திலோ கைபழகிக் கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இனி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு உப்புகளின் பெயரையும் கேட்டவுடன் பயன் முழுவதும் உப்பில் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். முதற்பயன் நீரிலும் உணக்கலிலும் இருக்கின்றது. உப்பு அதற்குத் துணை. ஆரிசு குழுவினர் வெறும் நீரிலேயே பயன் கண்டனர் என்பதை முன்பே சொன்னேன். ‘வறட்சியை வெல்லும் விதை ஊக்கி’ என்று பளபளக்கும் தாளில், உழவனுக்குப் புரியாத மொழியில் அச்சிட்டு விற்பவனிடம், “இதனுள் இருப்பது என்ன? எத்தனை விழுக்காடு? வெறும் நீரில் ஊறியதற்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு?” என்று தமிழில் மூன்று கேள்வி கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவனிடம் பொட்டலம் வாங்காதீர்கள். தன் மொழியில் கேட்கத் தெரிந்தவனை ஏய்ப்பது அரிது. நான் மொழியைப் பற்றிப் பேசுவதன் கரணியமும் இதுவே.

சாணி, ஆநீர், சுண்ணாம்பு, வரப்பு மண் ஆகியவற்றைக் கலந்து விதையைப் புரட்டும் முறை ஒன்று இயற்கை உழவர்களிடையே பரவியுள்ளது. பீசாமிர்தம் என்கின்றனர், விதையமுது என்று நாம் சொல்லலாம். அது விதைக்கு மேலே அணிவிக்கும் சட்டை. ஊறவைத்து உணக்கல் விதைக்கு உள்ளே நடப்பது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இரண்டும் செய்வதானால் ஊறவைத்து உணக்கியபின் மேற்பூச்சு. இரைசோபியம் போன்ற உயிருரங்களைக் கஞ்சியில் கலந்து பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். கடையில் வாங்கும் விதை சிவப்பாகவோ பச்சையாகவோ சாயமேற்றி நஞ்சு பூசப்பட்டிருந்தால் அதனை ஊறவைக்காதீர்கள். பூசியது கரைந்து போகும். அந்த நீரை ஆடுமாடு குடித்தால் அதுவும் போகும். அடுத்து, ஊறவைத்து உணக்கிய விதையை அடுத்த ஆண்டுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். அடுப்பை மூட்டி அணைத்து வைத்த விறகைப் போன்றது அது. கிடங்கில் நெடுநாள் தாங்காது. விதைப்புக்குச் சில நாள் முன்பு, வேண்டிய அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.

மழையே பெய்யாவிட்டால்? எந்த விதையும் முளையாது. இம்முறை மழையை வருவிக்காது. விதைத்தபின் பெய்யும் சிறு மழையை வீணாக்காமல் பிடித்துக் கொள்ளும், அவ்வளவே. இதற்குமேல் யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்களே அளந்து பாருங்கள்.

அளப்பது எளிது. வரும் ஆடியில் உங்கள் விதையிலிருந்து முந்நூறு மணிகளை எண்ணி எடுங்கள். நூறு அப்படியே இருக்கட்டும். நூறு வெறும் நீரில் ஊறி உலரட்டும். நூறு உப்புக் கரைசலில் ஊறி உலரட்டும். நனைத்துப் பிழிந்த மூன்று கோணித் துண்டுகளில் தனித்தனியே பரப்பி, சுருட்டி, நிழலில் வைத்து, நாள்தோறும் முளைத்ததை எண்ணி எழுதுங்கள். எத்தனை முளைத்தன என்பதோடு எந்த நாளில் முளைத்தன என்பதும் வேண்டும். வேறுபாடு பெரும்பாலும் நாளில்தான் தெரியும். பிறகு வயலில் ஒரே மேட்டில், ஒரே நாளில், ஒரே கை விதைக்க, மூன்று மூன்று சால் விட்டு, கழிகளை நட்டு அடையாளம் வையுங்கள். எது எந்தச் சால் என்பதை வீட்டிலொருவர் மட்டும் அறிந்திருக்கட்டும். எண்ணுகின்றவருக்குத் தெரிய வேண்டா. தெரிந்தால் கண் தனக்குப் பிடித்ததையே கூட்டி எண்ணும்.

இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த எண்ணும் வேலையைக் கொடுங்கள். முளைத்த நாள், முளைத்த எண்ணிக்கை, அடுத்த மழை பெய்த நாள் ஆகிய மூன்றையும் தமிழ் எண்களிலேயே கூட எழுதட்டும். அதற்கும் ஒரு பயிற்சியாகும். கார்த்திகையில் நாம் மீண்டும் கூடும்பொழுது அந்த ஏடுகளை எடுத்து வாருங்கள். கம்மாபுரத்து மண்ணுக்கு எத்தனை மணி நேரம் பொருந்தும் என்பதை அவற்றைக் கொண்டு பேசலாம். இப்பொழுது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். கடலையில் தோல் உரிவதைப் பற்றி முன்வரிசையில் ஒருவர் கையுயர்த்தி நெடுநேரம் ஆகின்றது, அவரிடமிருந்தே தொடங்குவோம்.